மேடைச் சூடு

"இன்னைக்கு எத்தன கருவாடுலே காயுது?"

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமிருந்து இந்தக் கேள்வி வரும். யாராவது ஒருவன் எக்கிப் பார்ப்பான்.

"ரெண்டு கிடக்கு. ஒண்ணு நெத்திலி, ஒண்ணு சீலா."

எல்லோரும் சிரிப்பார்கள். சோறு இறங்குவதற்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது போல.

கம்பெனி எம். புதுப்பட்டி பக்கம் பொட்டல்காட்டில் இருந்தது. மருந்து செலுத்திய வெடிகளைப் பலகையில் அடுக்கி வெயிலில் காயவைப்பதற்காக, வேலை ரூம்களுக்குத் தள்ளி வரிசையாகச் சிமெண்ட் மேடைகள் கட்டியிருந்தார்கள். பலகைகளைச் சுமந்துபோய் மேடையில் வைப்பதும், காய்ந்ததும் எடுத்து வருவதும் என் வேலை. ஓரத்து மேடைகள் சில நாட்கள் சரக்கு இல்லாமல் சும்மா கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் பெண்களில் ஒருத்தி, சில நாள் இரண்டு மூன்று பேர், அங்கே போய்ச் சிமெண்டில் வயிறு படும்படி குப்புறப் படுத்துக்கொள்வார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பார்கள். மணி அடித்ததும் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, வேலைக்குப் போய்விடுவார்கள்.

எதற்காக அப்படிக் கிடக்கிறார்கள் என்று ஆண்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள், கருவாடு என்று மட்டும் சொல்வார்கள். அலுமினியப் பவுடர் உடம்பில் படிந்தால் உள்ளே குளிர்ச்சி கட்டிக்கொள்ளும், அதை வாட்டி எடுக்கிறார்கள் என்று பெரியவர் ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அதை நம்பி, பவுடர் சலிக்கிற ஆள் ஒருவர் ஒரு நாள் தானும் போய்ப் பக்கத்து மேடையில் குப்புறப் படுத்துவிட்டார். படுத்திருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, உங்களுக்கும் வந்துருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா தாயி, காலையிலருந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

வலியில் கிடந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் அந்தக் கம்பெனியில் இருந்தவரைக்கும், மாதம் ஒரு தடவை யாராவது அவரைப் பார்த்து, "அண்ணே, இந்த மாசம் எப்படி?" என்று கேட்காமல் விட்டதில்லை.

எனக்கும் அப்போது விவரம் தெரியாது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூடப் பிறந்தது ஒரு அண்ணன் மட்டும். பெண்கள் எதிரே வந்தால் பலகையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பேன். அதே கம்பெனியில் சரவெடிக்குச் சரம் பின்னிக்கொண்டிருந்தவளைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். கட்டிய பிறகுதான் தெரிந்தது, மேடையில் கிடந்தவர்களில் அவளும் ஒருத்தி என்று.

மாதாமாதம் தூரமாகிற முதல் நாள் அவளுக்கு மனிதர்களுக்கு வருகிற வலியாக வராது. முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தரையில் உருளுவாள். வாந்தி வரும். உதடு வெளுத்துப்போகும். சூடு வைத்தால் மட்டும் கொஞ்சம் இறங்கும். ஒத்தடம், வெந்நீர், சுட்ட செங்கல், எதுவானாலும் சரி, அடிவயிற்றில் சூடு படவேண்டும். மாத்திரை போட்டால் அதையும் வாந்தி எடுத்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சூடுதான் அவளுக்குக் கிடையாது. வீட்டுக்குத் தூரமான பெண் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு இருந்தது. விறகும் உடைந்த சைக்கிளும் கிடக்கிற இடம். அங்கே பாயைப் போட்டு இருந்துகொள்ள வேண்டும். சோறு தட்டில் வரும், தண்ணீர் செம்பில் வரும். வெந்நீர் வராது.

"அத்த, கொஞ்சம் வெந்நி மட்டும் வச்சுக் குடுங்க" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

"பிள்ள பெத்தவளுக்குத்தான் வெந்நி. நீ என்ன பெத்த?" என்றாளாம் அம்மா.

கல்யாணமாகி இரண்டு ஆடி போய்விட்டது, எங்களுக்குப் பிள்ளை இல்லை. வயிற்றுக்குள் வரவேண்டியது வராததால்தான் அது வலியாக வருகிறது என்று அம்மா தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவர்களில் ஒருத்திகூட அதைத் திரும்ப வந்து என் மனைவியிடம் சொல்லாமல் இருக்கவில்லை.

நான் வெந்நீர் போட்டுக் கொடுக்கப் போனேன். "பொண்டாட்டி தீட்டுத் துணியும் நீயே அலசுறியாலே?" என்று அம்மா அடுக்களை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை.

கம்பெனியிலோ நெருப்பு என்கிற பேச்சே கூடாது. கேட்டில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆக, அவளுக்கு ஊரில் சூடு கிடைக்கிற ஒரே இடம் அந்த மேடைதான். வலி வருகிற நாளில் மற்றவர்களில் சிலர் லீவு போடுவார்கள். இவள் லீவு போடமாட்டாள். தகரச் சாய்ப்பில் அம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பதைவிட, மத்தியானம்வரை பல்லைக் கடித்துச் சரம் பின்னிவிட்டு மேடைக்குப் போவது மேல்; அரை மணி நேரமாவது சிமெண்ட் சுடும்.

"அடியில சுடுது, மேல வெயில் சுடுது. நடுவுல வலி எங்க போகும்?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வலியைப் பற்றி அவள் சிரித்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருஷம் ஆடியில் சீசன் சூடுபிடித்தபோது புதிதாக ஒரு போர்மேன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மெதுவான குரல். அவர் கத்தி நான் கேட்டதில்லை. வந்த சில நாளிலேயே மேடையில் பெண்கள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன வழக்கம்? ஆபீசர் வந்து பாத்தா கம்பெனிக்கே பூட்டு விழும். சரக்கு காயுற எடத்துல ஆளு படுக்குறதா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்களில் மூத்தவள் ஒருத்தி, "அண்ணாச்சி, நாங்க காலி மேடையிலதான் படுக்கோம். மாசத்துல ஒரு நா. வவுத்து வலி" என்றாள்.

"வவுத்து வலின்னா வீட்டுல இருங்க."

"வீட்டுல இருந்தா நீங்க மறுநா வேற ஆளப் போட்டுருவீக."

"பின்ன, வலிக்குறவளுக்காக தீவாளியத் தள்ளி வைக்கவா முடியும்?"

இதற்கு ஆண்கள் பக்கத்தில் நல்ல சிரிப்பு. பெண்களிலும் சிலர் சிரித்தார்கள். அந்த மாதத்துக்கு வலி முடிந்திருந்தவர்கள்.

மறுநாள் என் மனைவிக்கு முதல் நாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் வரும்போதே முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்திருந்தாள். மத்தியானம் மணி அடித்ததும் சோற்றைத் திறக்கவில்லை. நேராக ஓரத்து மேடைக்குப் போனாள், நிமிராமல், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. போய்ப் படுத்தாள்.

போர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"அது உன் வீட்டுக்காரிதான?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் தொட்டு எழுப்ப முடியாது. நீ அந்த வாளியை எடு. மேடையில ஊத்து. சூடு இருந்தாத்தான படுப்பாக?"

ரூம் வாசலில் தீப்பிடித்தால் அணைப்பதற்காகச் சிவப்பு வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைக் காட்டினார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். நான் ஏன் நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஊத்துங்க. அவரு பாத்துக்கிட்டு இருக்காரு" என்று எழுந்து நின்றாள்.

ஊற்றினேன். சிமெண்ட் சீறியது. ஆனால் அது ஆடி மாதத்து வெயில். தண்ணீர் வழிந்த தடம் அடங்குவதற்குள் ஓரமெல்லாம் வெளுத்துக் காய்ந்துகொண்டு வந்தது. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். காய்ந்ததும் மறுபடி படுத்தாள்.

"இன்னொரு வாளி" என்றார் போர்மேன், அதே மெதுவான குரலில்.

அவள் எழுந்ததும் மறுபடி ஊற்றினேன். ஆண்கள் சோற்றுத் தூக்குகளோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"ஏலே, கருவாட்ட நனைக்காத, நாறிப்போகும்."

"மச்சானே அலசுறாம்லே."

மூன்றாவது தடவை சூடு விட்டுப்போயிற்று. கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த காப்பித் தண்ணி மட்டும் வந்தது. போர்மேன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "கேட்டுக்கு வெளிய போய் இருக்கச் சொல்லு. இனிமே காலி மேடை ஒண்ணும் இருக்கக் கூடாது, வெறும் பலகையாவது பரப்பி வை" என்றார்.

பொழுது சாய்ந்து பஸ் கிளம்புகிறவரை அவள் கேட்டுக்கு வெளியே உடைமரத்தின் அடியில் சுருண்டு கிடந்தாள். நான் உள்ளே மேடைகளில் வெறும் பலகைகளைப் பரப்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்ல, இனிக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பின்பக்கச் சந்தில் திரும்பவில்லை. முன்வாசல் வழியாக ஏறி நேரே அடுக்களைக்குப் போனாள். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு விரதம் இருந்த மாதம் அது. மஞ்சள் சேலையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்துவிட்டாள்.

"ஏ, எங்கன போற? நான் விரதத்துல இருக்கேன், தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அத்த. வெந்நி போடப் போறேன்."

அம்மாவின் கை நான் நினைத்ததைவிட வேகமாக இருந்தது. மாடத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்து மடியில் செருகி முடிந்துகொண்டாள்.

"போடு பாப்போம்."

என் மனைவி அடுப்பில் பானையை வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். விறகைச் செருகினாள். பிறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனேன்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலை. யாரும் தீப்பெட்டியைக் கடையில் வாங்குவதில்லை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தீப்பெட்டியா? உங்க ஆத்தா விரட்டி விட்டாளா?"

கடை பெஞ்சியில் கம்பெனி ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். "அதில்ல அண்ணாச்சி. மத்தியானம் நனைச்ச கருவாட்ட இப்பச் சுடப் போறாப்புல" என்றான். இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா. என் பொண்டாட்டிக்குத் தூரம். வவுத்து வலி உயிர் போகுது. வெந்நி போடணும்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகப் பேச எனக்கு வராது. ஆனால் ஆண்கள் கூடியிருக்கிற கடையில் அந்தச் சொல்லை ஆண் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை போலிருக்கிறது. கம்பெனிக்காரன் பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் தீப்பெட்டியை என் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்துத் தள்ளினார்.

அடுப்பைப் பற்றவைத்தது அவள்தான். தண்ணீர் கொதித்ததும் நல்லெண்ணெய் பாட்டில் ஒன்றைக் கழுவி, விரிசல் விட்டுவிடாமல் இருக்க முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் என்று ஊற்றினாள். மூடியைத் திருகி, என் பழைய கைலியைக் கிழித்துச் சுற்றினாள். சாய்ப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு நடுவில், வெறும் தரையில், பாட்டிலை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துக் குப்புறப் படுத்தாள்.

அம்மா அடுக்களையில் இருந்த மண்பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து வாசலில் போட்டு உடைத்தாள். குழம்புச் சட்டி, தயிர்ப் பானை, உப்பு ஜாடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாபம் இருந்தது.

"ஆத்தா உன் கண்ணை அவிப்பா. உன் வவுறு வெளங்காதுடி, பாத்துக்கோ."

தரையில் கிடந்தவள் முகத்தைத் திருப்பாமல் பதில் சொன்னாள். "வெளங்காட்டாப் போகட்டும் அத்த. வலி நின்னாப் போதும்."

"ஏலே, நீ சொல்லு. இவளா, நானா?"

நான் அடுப்பில் இன்னொரு செம்புத் தண்ணீர் வைத்திருந்தேன். அது கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாத்தூரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போவதாக அம்மா சொன்னாள். சேலைகளைப் பையில் திணித்தாள். நிலைப்படியில் வந்து நின்றாள். கூப்பிடுவேன் என்று நின்றிருப்பாள். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

என் மனைவியின் முதுகு மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. முழங்கால்கள் நீண்டிருந்தன. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அத்த, போறப்பக் கதவச் சாத்திட்டுப் போங்க. காத்து வருது" என்றாள்.

அம்மா கதவை ஆவென்று திறந்துபோட்டுவிட்டுப் படி இறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நான்தான் போய்ச் சாத்தினேன்.