பச்சையில் தெரிந்த பெயர்

பிளெஸ்ஸி அரிமளத்துக்காரி. கல்லூரிகளின் தேர்வு மதிப்பெண்களைப் பராமரிக்கும் ஒரு சிறு கம்பெனியில் வேலை. தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வருவாள். அங்கே இரண்டு சர்வர்கள். அசல் மதிப்பெண்கள் இருப்பது லைவ். எதையும் செய்து பார்ப்பதற்கு டெஸ்ட். இரண்டையும் பார்த்துக்கொள்வது அவளும் சேவுகனும் மட்டும்தான்.

கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன வரி நிற்கும். அதைத்தான் ப்ராம்ப்ட் என்பார்கள். பிளெஸ்ஸி தன் ப்ராம்ப்ட்டை மாற்றி வைத்திருந்தாள். லைவ் சர்வருக்குள் போனால் சிவப்பில் 'லைவ்' என்று வரும். மற்றதில் பச்சையில் 'டெஸ்ட்'.

"எதுக்குங்க இந்தக் கலரெல்லாம்?" என்று சேவுகன் ஒருநாள் கேட்டான்.

"எங்கிட்டு நிக்கிறோம்னு தெரியணும்ல" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழைய சோதனைக் கோப்புகளை அழிக்க உட்கார்ந்தாள். இரண்டு சர்வர்களும் திறந்திருந்தன. பச்சையைப் பார்த்தாள், அடித்தாள். பத்தே நிமிடத்தில் ஒரு கல்லூரியிலிருந்து போன்: நானூறு பேருடைய மதிப்பெண்ணைக் காணோம்.

முதலாளி கண்ணப்பன் நேரே அவளிடம் வந்தார். "ஒங்க பேர்லதான அழிஞ்சிருக்கு?"

"நான் டெஸ்ட்லதான் சார் அழிச்சேன். பாருங்க, பச்சை."

அவர் முன்னாலேயே அந்தச் சர்வரின் பெயரைக் கேட்டு ஒரு கமாண்ட் அடித்தாள். லைவ் என்று பதில் வந்தது. யாரோ அவளுடைய ப்ராம்ப்ட்டை மாற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன, யாரோ? அவளைத் தவிர அதைத் தொட முடிந்தவன் ஒருவன்தான். கலரைப் பற்றிக் கேட்டவனும் அவன்தான். கண்ணப்பனிடம் அதை வாய்விட்டே சொன்னாள்.

சேவுகன் பக்கத்து மேஜையில்தான் இருந்தான். முந்தின நாள் பேக்கப்பிலிருந்து மதியத்துக்குள் எல்லா மதிப்பெண்களையும் மீட்டுக் கொடுத்தான். அதுவும் அவளுக்கு உறுத்தியது. இவ்வளவு சீக்கிரம் எப்படி? முன்னாடியே தயாராக இருந்தானோ?

இரண்டு நாள் அவன் எழுந்தால் பார்த்தாள், போன் பேசினால் காது கொடுத்தாள். வியாழக்கிழமை, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று லைவ் சர்வரில் ப்ராம்ப்ட் அமைப்பு இருக்கும் கோப்பைத் திறந்தாள். அது மாறிய தேதி போன வெள்ளிக்கிழமை. அன்றைக்குச் சேவுகன் லீவு. தங்கை நிச்சயத்துக்காகக் குடுமியான்மலை போயிருந்தான். அவள் அடித்த பழைய கமாண்டுகளைத் தேடினாள். இருந்தது. டெஸ்ட்டில் பழகிய சில வசதிகள் லைவிலும் வேண்டுமென்று அந்தக் கோப்பை அப்படியே நகல் எடுத்துப் போட்டது அவளேதான். ப்ராம்ப்ட்டில் சர்வரின் பெயர் தானாக வர விடாமல், பச்சையில் 'டெஸ்ட்' என்று கையால் எழுதி வைத்திருந்ததும் அவள்தான்.

பழைய கமாண்டுகளிலிருந்து அந்த நகல் எடுத்த வரியை நீக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. விரல் சற்று நேரம் விசைப்பலகை மேலேயே நின்றது. பிறகு எழுந்து, சேவுகனையும் கூட்டிக்கொண்டு கண்ணப்பன் அறைக்குப் போனாள்.

"எல்லாம் நான் செஞ்சதுதான் சார். இவங்க மேல பழி போட்டுட்டேன்."

கண்ணப்பன் மூன்று மாதத்துக்கு அவள் லைவ் பக்கம் போகக் கூடாதென்றார். வெளியே வந்ததும், "மன்னிச்சிருங்க சேவுகன்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று மாதம் கழித்து அனுமதி திரும்பி வந்தது. முதல் தடவை எதையோ அழிக்க வேண்டியிருந்தபோது, "ஒரு நிமிஷம் வாங்களேன்" என்று அவனைக் கூப்பிட்டாள். வந்தான். திரையை இரண்டு முறை படித்தான்.

"சரிதான், அடிங்க" என்றான்.