உடம்பைச் சூடு பண்ணிட்டு இறங்குங்க

பிசியோதெரபி என்பது, வலிக்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்து நன்றி வாங்குகிற தொழில். எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். தொழிலின் பெயர் வாயில் நுழையாததால், வலிக்கிற இடத்தில் கரண்டு வைப்பதைப் பார்த்து எல்லாரும் என்னை 'கரண்டு டாக்டர்' என்றார்கள். முழங்காலைத் தடவிக்கொண்டே இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சம்பந்தி ஊர் மேட்ச்

மாயாண்டி அண்ணன் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி. ஐம்பதைத் தாண்டியும் பொங்கலுக்குக் கபடி ஆடுவார். ஒரு வருஷம் களத்தில் இறங்கிய வேகத்தில் பின்தொடைச் சதை பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். "இனி ஆடவே கூடாதா சார்?" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பொங்கலுக்கு மகளைக் கொடுத்த ஊரோடு மேட்ச். எதிர் டீமில் சம்பந்தி.

"தாராளமா ஆடுங்கண்ணே. ஆனா எடுத்த எடுப்புல பாயாதீங்க. உடம்பைச் சூடு பண்ணிட்டு இறங்குங்க" என்றேன்.

அடுத்த பொங்கல் முடிந்ததும் நொண்டிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை இன்னொரு கால். "நான் சொன்ன மாதிரி சூடு பண்ணீங்களா, இல்லையா?" என்று கேட்டேன்.

"பண்ணாம இருப்பனா? மொட்டை வெயில்ல அசையாம உக்காந்திருந்தேன் சார். தொட்டா தோசைக்கல்லு கணக்கா சுட்டுச்சு!"

வெள்ளை ஷூ

ஜவுளிக்கடை சுப்புராமனுக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்னபடி விடிகாலையில் மாசி வீதிகளைச் சுற்றி நடப்பார். தேய்ந்த ரப்பர் செருப்பு. வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. நடையை நிறுத்த வேண்டாம், கேன்வாஸ் ஷூ வாங்கிப் போட்டு நடங்கள் என்றேன். அன்றைக்கே வாங்கினார்.

கொஞ்ச நாளில் அதே கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஆட்டோவில் வந்து இறங்கினார். காலில் பழைய செருப்பு. கையில் மஞ்சள் பை. அதற்குள் பளிச்சென்று வெள்ளை ஷூ.

"ரோடெல்லாம் சாணித் தண்ணி சார், அதான் பையில வச்சுக்கிட்டு நடந்தேன். நல்ல வேளை, ஷூவுக்கு ஒண்ணும் ஆகல."

கெட்டியான பிடி

திருமங்கலத்தில் பலசரக்குக் கடை நடத்திய ராஜம்மாள் நல்ல வாட்டசாட்டம். கொல்லையில் ஒரு தடவை விழுந்ததிலிருந்து, மறுபடி விழுந்துவிடுவோமோ என்று வாசலைத் தாண்டவே பயந்தார். கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. "எதையாவது கெட்டியா பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நில்லுங்கக்கா, பயம் போயிரும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த முறை ராஜம்மாள் தெம்பாக நடந்து வந்தார். அவருக்குப் பின்னால், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவருடைய ஒல்லி வீட்டுக்காரர். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கெட்டியா பிடிக்கச் சொன்னீகளேன்னு இவுகளப் பிடிச்சேன் தம்பி. கட்டுன மனுசன் இம்புட்டு லொடலொடன்னு இருப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆடாதே, நடக்காதே என்று நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாவது ஒழுங்காக ஆடி நடந்திருப்பார்கள்.