சத்தம் கேட்காத டயர்

2012-இல், ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், கொட்டாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்ததற்கு அப்பா ஒரு கியர் சைக்கிள் வாங்கித் தந்திருந்தார். மலைப்பாதையில் ஓட்டுகிற வகை. டயர் முழுக்கக் கட்டை கட்டையாகப் பட்டன் இருக்கும். விடிந்ததும் வயல் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குள் பெண்களுக்கான சைக்கிள் போட்டி ஒன்று வருகிறது, ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒருநாள் அப்பா, "ரோட்டுல லாரி போக்கு கூடிட்டு மக்ளே. நீ திரும்பி வாறது வரைக்கும் நெஞ்சு பதைக்கு" என்றார். அதட்டிப் பேசுகிற மனிதர் இல்லை. அவருடைய உரக்கடையில் யாரிடமும் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வீட்டுக்குள்ளேயே ஓட்ட வழி உண்டா என்று அவரேதான் கேட்டார். பிரவுசிங் சென்டரில் பார்த்திருந்த உருளைச் சட்டத்தை வரைந்து காட்டினேன். பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு உருளை, முன்சக்கரத்துக்கு ஒன்று. மிதித்தால் உருளைகள் சுழலும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். நாகர்கோவில் லேத் பட்டறையில் சொல்லிச் செய்து, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். எந்த அப்பா செய்வார் இதை!

முதல் நாள் ஏறி மிதித்தேன். ஒவ்வொரு பட்டனும் உருளையில் அடிக்க, வீடே அதிர்ந்தது. ஹேண்டில்பார் கைக்குள் நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா வந்து, "ஏட்டி, சைக்கிளு ஓட்டுகியா, கருங்கல்லு உடைக்கியா?" என்றாள். இரண்டொரு நாளில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி அப்பாவிடம் கேட்டாள்: "அண்ணாச்சி, வீட்டுக்குள்ள மாவு மில்லு வச்சாச்சா? எங்களுக்கும் ரெண்டு படி அரிசி திரிச்சுத் தாருங்க."

உள்ளே நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "பிள்ள சைக்கிளு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "கெட்டிக்குடுக்க வயசாயாச்சு, இனி என்னத்துக்கு அண்ணாச்சி சைக்கிளு?" என்றாள் அவள், விலைவாசியைப் பேசுவதுபோல.

அந்த வாரமே அப்பா என்னை டயர் கடைக்குக் கூட்டிப்போனார். எங்கே ஓட்டப்போகிறேன் என்று கடைக்காரர் விசாரித்தார். உருளை, பிறகு ரப்பர்த் தோட்டத்துப் பாதை என்று சொன்னேன். நடுவில் வழவழப்பான பட்டையும் ஓரங்களில் மட்டும் பட்டனும் வைத்த டயர் ஒன்றை எடுத்துப்போட்டார். "ரெண்டுக்கும் ஆகும். மண்ணு வளைவுலயும் பிடிக்கும்." பக்கத்தில் முழுக்க வழவழவென்று இன்னொன்று. "இது உருளைக்குன்னா ராஜாவாக்கும். காத்த கெட்டியா அடிச்சா வெண்ணெ மாதிரி ஓடும். ஆனா ஈர மண்ணுல காலை வாரிரும், பாத்துக்கிடுங்க."

நான் நடுப்பட்டை டயரைக் கையில் எடுத்துவிட்டேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல எந்த டயருன்னா வெளிய சத்தம் கொஞ்சங்கூட கேக்காது?"

கடைக்காரர் வழவழ டயரைத் தொட்டார். அதையே வாங்கினோம். எனக்கு வருத்தமில்லை. அம்மாவுக்குத் தலைவலி வரும், அதை நினைத்துக் கேட்கிறார் என்று இருந்தேன். போட்டிக்கு முன்னால் பழைய பட்டன் டயரைத் திருப்பி மாட்டினால் போயிற்று.

நல்ல டயர்தான், குறை சொல்ல முடியாது. அதிர்வே இல்லை. சுவரில் ஊன்றிய கையை எடுத்துவிட்டு ஓட்டப் பழகினேன். ஃபேன் சத்தம்கூட அதைவிடப் பெரிது. அம்மா தாளிப்பதும் தெருவில் மீன்காரி விலை சொல்வதும் சைக்கிள் மேலிருந்தே தெளிவாகக் கேட்கும்.

போட்டிக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம். ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பக்கத்து வீட்டு அக்காவின் குரல்.

"என்ன அண்ணாச்சி, மில்லு நின்னு போச்சு?"

"அவ அதை எல்லாம் விட்டுட்டா. இப்போ படிப்பு மட்டுந்தான்" என்றார் அப்பா.

"நல்லதாப் போச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன்."

என் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன. அப்பா உள்ளே வந்தார். வேர்த்து வழிய ஓட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "வெள்ளம் குடிச்சியா மக்ளே?" என்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

சாப்பிடும்போது பட்டன் டயரைக் கேட்டேன்.

"அதை ஒருத்தனுக்குக் குடுத்துட்டேனே. உனக்கு என்னத்துக்கு?"

"போட்டிக்கு."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஓட்டாண்டாம்னு நான் எப்பமாவது சொன்னனா? எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓட்டு. இங்கனயே ஓட்டு."

"நீங்க அந்த அக்காகிட்ட..." என்று தொடங்கினேன். அம்மா மோரை ஊற்றியபடி குறுக்கே வந்தாள். "அவிய உனக்கு என்னட்டி குறை வச்சாவ?"

சைக்கிள், உருளை, டயர் எல்லாம் அவர் தந்தவைதான்.

அந்த டயரோடாவது போயிருக்கலாமே என்று பின்னால் தோழிகள் கேட்டார்கள். செம்மண் ஏற்றத்தில் முதல் வளைவிலேயே விழுந்திருப்பேன். ஆனால் விழுவதற்குப் பயந்து நான் போகாமல் இருக்கவில்லை. அவ்வளவு சாந்தமான ஒரு முகத்தைத் தாண்டி வாசலுக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டயரிலும் காற்றைத் திறந்துவிட்டேன். அது சீறிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அப்பா பேப்பரைத் திருப்பினார்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், "எனக்க மகளுக்கு நான் எதுக்கும் தடை சொன்னதில்ல" என்பார் அப்பா. உண்மைதான். சொல்லியிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பேன். சொல்லாத அந்தத் தடையோடு நான் இன்னும் மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.