வழுக்குப்பாறை வரைக்கும்

லிஃப்ட்காரருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. வாரத்தில் ஆறு நாள் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பார். ஏழாவது நாள் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் ஏறுவார். "ஆறு நாள் ஜனங்களைப் படியேற விடாம பண்ணிட்டு, அந்தப் பாவத்தை ஞாயித்துக்கிழமை நீங்களே ஏறிக் கழிக்கிறீங்களா மச்சான்?" என்று மனைவியின் அண்ணன் வாராவாரம் கேட்பார். வாராவாரம் அவரே சிரித்தும் கொள்வார்.

பதினொரு வருஷமாக இதே கதைதான். விடியும்போது கிளம்பி, இரண்டு மணி நேரம் ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவார். கூட யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. பேசிக்கொண்டே ஏறினால் மூச்சு வாங்கும் என்பது சாக்கு. உண்மைக் காரணத்தை இப்போதே போட்டு உடைத்துவிடுகிறேன், மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? மனுஷன் ஒரு தடவைகூட உச்சிக்குப் போனதில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சரிவான பாறை இருக்கிறது. இரண்டு ஆள் உயரம்தான். வழுக்குப்பாறை என்று பெயரே தவிர அப்படியொன்றும் வழுக்காது. கால் வைக்க யாரோ குழி கொத்தி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டாக ஏறிப் போவார்கள். அதன்மேல் கால் வைக்கத்தான் இவருக்குப் பயம். பன்னிரண்டாவது மாடி உயரத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று கிரீஸ் போடுகிற ஆள்! அங்கே பயமே கிடையாது. கம்பிக்கயிறு அறுந்தாலும் பெட்டியைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் அங்கே உண்டு, அதைச் சோதித்துப் பார்த்தவரும் இவர்தான். தொழில் புத்தி உடம்பில் ஊறிப்போய், எங்கே நின்றாலும் கண் முதலில் பிரேக்கைத் தேடும். பாறையில் ஏது பிரேக்? அதனால் பாறைக்கு முன்னால் இருக்கும் சமதரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவார்.

அதோடு விட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. முதல் வாரமே வீட்டில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கொதிக்கிற இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகளை இழுத்து இழுத்துப் போட வேண்டும், ஞாயிறும் லீவு கிடையாது. அன்றைக்கு வீங்கின காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "உச்சி வரைக்கும் போனீங்களா?" என்று ஆசை ஆசையாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. "போகாம?" என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, வாராவாரம் அந்தப் பொய்க்குக் கை கால் முளைத்தது. மேலே காற்று எப்படி அடித்தது, அந்தப் பக்கத்து ஏரி எப்படித் தெரிந்தது என்று அளந்துவிட்டார். அவள் அத்தனையையும் சலவைக்கூடத்தில் போய்ப் பெருமையடித்தாள்.

போன மாதம் அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு. முதல் ஞாயிறே புது ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வரேன்."

"உனக்குக் கால் வலிக்கும்."

"வலிச்சா எனக்குத்தானே வலிக்கும்? நடங்க."

வழி நெடுக இவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரிதான். வெளியே சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சமதரை வந்ததும், "இதுதான் உச்சி" என்று சொல்லிவிட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஏரி எங்கேங்க?"

"பனி மூடியிருக்கு."

வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்த வெயிலில் பனியாம்! அவள் அதையும் நம்பினாள். அந்த நேரம் பார்த்துத்தானா பாறை மேலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வர வேண்டும்? கடைசியாக இறங்கிய பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன இங்கயே உக்காந்துட்டீங்க? இதைத் தாண்டினா இருபது நிமிஷம்தான் உச்சி. ஏரி அவ்வளவு அழகாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவி பாறையிலிருந்து கண்ணை எடுத்து இவரைப் பார்த்தாள்.

"ஒரு தடவைகூடப் போனதில்லையா?"

"இல்ல. இந்தப் பாறையைப் பாத்தாலே பயம்."

"என்கிட்ட பொய் சொன்னதுகூட இருக்கட்டுங்க. அந்த நீராவிக்குள்ள நின்னுக்கிட்டு, என் புருஷன் இந்நேரம் உச்சியில நிப்பாருன்னு நெனச்சுக்குவேன். அதை நெனச்சுத்தான் பாதி நாளை ஓட்டினேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவள் எழுந்து போய்க் குழியில் காலை வைத்தாள். "வேண்டாம், பிடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல!" என்று இவர் கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டாள்.

முக்கால் மணி நேரம் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். உச்சிக்குப் போகாததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. இனி இவள் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்பதுதான் அரித்தது. முப்பது வருஷத்து மரியாதை இந்தப் பாறையடியில் போய்த் தொலைந்தது என்று முடிவே கட்டிவிட்டார்.

அப்போது மேலிருந்து அவள் குரல் கேட்டது. "என்னங்க! இறங்க முடியலை!"

ஏறும்போது குழி கண்ணுக்கு எதிரே இருக்கும். இறங்கும்போது அது காலுக்கு அடியில் போய் மறைந்துகொள்ளும். பாறையின் நடுவில் குப்புற ஒட்டிக்கொண்டிருந்தாள் அவள். ஒரு கால் மட்டும் குழியைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.

"அசையாதே, வரேன்!"

ஒவ்வொரு குழியிலும் நின்று நின்று, வியர்த்துக் கொட்ட, உதடு உலர ஏறினார். அவள் குதிகாலைப் பிடித்துக் குழியில் வைத்தார். "இங்கதான். பாரத்தைப் போடு. இப்ப அடுத்த கால்." நடுவில் ஒரு தடவை கீழே பார்த்துத் தொலைத்தார். "ஐயோ, எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டே சொன்னார்.

"எனக்கும்தான். காலை விட்டுடாதீங்க" என்றாள் அவள்.

அங்குலம் அங்குலமாக இறங்கி, இரண்டு பேரும் தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அப்புறம் அவள் முன்னால் நடக்க, இவர் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் அவர் குளியலறையில் முழங்கைச் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் சலவைக்கூடத்துத் தோழியோடு போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமாண்டி, உச்சிக்குப் போனேன். நான் மட்டும்தான். அவரா? அவர் போனதே இல்லையாம். இத்தனை வருஷமும் நமக்குக் கதை விட்டிருக்காரு."

அந்தப் பக்கம் சிரிப்புப் போல. இவர் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு அப்படியே நின்றார்.

"சிரிக்காதடி. அந்தப் பாறைன்னா அவருக்கு உயிரே போயிடும். நான் பாதியில மாட்டிக்கிட்டேன்னதும் ஏறி வந்துட்டாரு. உடம்பெல்லாம் உதறுது, என் காலை மட்டும் கெட்டியாப் பிடிச்சிருக்காரு." உள்ளே அவள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "உச்சியில என்னடி இருக்கு, ஒரு ஏரி. அதுக்கு யாரு வேணும்னாலும் ஏறுவாங்க."