நான் விளையாடாத டீவி கேம்

தெஹியோவிட்ட நகருக்கு மேலே இருக்கிறது எங்கள் ரப்பர் தோட்டம். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் டீவி கேம் இருந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கர் ஐயாவின் குவாட்டர்ஸ். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் நாலைந்து பிள்ளைகள் அந்த வீட்டின் பக்கவாட்டு ஜன்னலடியில் போய் நிற்போம். எனக்கு உயரம் போதாது. ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். உள்ளே கிளாக்கர் ஐயாவின் மகனும் அவனுடைய அக்காவும் பாயில் உட்கார்ந்து விளையாடுவார்கள். சில நாள் அவர்களுடைய அம்மா எழுந்து வந்து திரைச்சீலையை இழுத்துவிடுவார். துணிக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் பச்சையும் சிவப்புமாக அசையும். அதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கலைவோம்.

கேம் இருக்கும் கேசட் அடிக்கடி வேலை செய்யாமல் நின்றுவிடும். கிளாக்கர் ஐயாவின் மகன் அதைக் கழற்றிக் கம்பிக்கு வெளியே நீட்டி, "ஊது" என்பான். அவனுக்கு இழுப்பு இருந்தது, தூசி ஆகாது. நான் ஊதிக் கொடுப்பேன். அந்த டீவி கேமோடு எனக்கு இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். கொன்ட்ரோலரை நான் தொட்டதே இல்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு தெஹியோவிட்டவில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். போட்டோகொப்பி எடுப்பது, போனுக்குக் காசு ரீலோட் பண்ணுவது, சொஃப்ட்வேர் போடுவது. இன்றும் அதே கடைதான். சில வருடங்களுக்கு முன் முதலாளி குப்பைக்குப் போடவிருந்த கொம்பியூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து திருத்தினேன். அதில் எமுலேட்டர் போட்டேன். பழைய டீவி கேம் பெட்டியைப்போலக் கொம்பியூட்டரை நடிக்க வைக்கும் புரோகிராம் அது. பிறகு அந்தக் கேமைத் தேடினேன். குவாட்டர்ஸில் இருந்தது அசல் கேசட் இல்லை, யாரோ எங்கேயோ கள்ளத்தனமாகப் போட்டது. அதில் முதல் திரையில் சீன எழுத்து இருக்கும்; கேமில் வரும் வீரனுக்கு மஞ்சள் சட்டை. இணையத்தில் அசல் கேமின் நீலச் சட்டைக்காரன்தான் எங்கும் கிடைத்தான். அவன் எனக்கு வேண்டாம். மஞ்சள் சட்டைக்காரன் அகப்படும்வரை விடாமல் தேடினேன்.

ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு. வெளியே மழை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் விளையாட ஆரம்பித்து முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். மறுபடி அதே பள்ளம். எந்த மூலையிலிருந்து எவன் வருவான், எந்தக் கல்லை இடித்தால் என்ன விழும், எல்லாம் எனக்குத் தெரியும். கண் அத்தனையையும் படித்து வைத்திருந்தது. விரலுக்குத்தான் ஒன்றுமே தெரியவில்லை.

"என்னடி, அவன் சும்மா சும்மா செத்துப்போறான்?" என்றார் அம்மா.

"எனக்கு வெளயாடத் தெரியலம்மா."

"சின்னதுல பழகியிருக்கணும்" என்றார், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வந்தது அழுகையா எரிச்சலா என்று தெரியவில்லை. ஆனால் விடவில்லை. வேலை முடிந்து வந்து தினமும் விளையாடினேன். கடைசிக் கட்டம்வரை போனேன். திரையில் ஏதோ சீன எழுத்தில் வாழ்த்தியது. பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை.

கிளாக்கர் ஐயாவின் மகன் இப்போது கனடாவில் இருக்கிறான். நேரில் நீங்க என்றுதான் பேசுகிறேன், எழுதும்போது அவன் என்றே வருகிறது. போன வருடம் கோயில் திருவிழாவுக்கு வந்தவன் எங்கள் வீட்டைத் தேடி வந்தான். கையில் ஒரு பரிசுப் பொட்டலம். பிரித்தால் அந்தப் பழைய டீவி கேமின் அச்சு அசல் உருவம், உள்ளங்கையளவுக்குச் சுருங்கி இருந்தது. கேசட் போடும் மூடிகூட இருந்தது, ஆனால் திறக்காது. கேம்கள் எல்லாம் உள்ளேயே பதிந்திருந்தன. கம்பெனி இப்போது இப்படிச் சின்னதாகச் செய்து விற்கிறதாம், பழைய ஞாபகத்துக்காக.

தன் போனை ஒரு கிளாஸில் சாய்த்து வைத்து எங்களை வீடியோ எடுக்க விட்டான்.

"ஞாபகம் இருக்கா? எங்க வீட்டு ஹோல்ல நாம எல்லாரும் எப்புடி வெளயாடுவோம்!"

"நாங்க வெளயாடலீங்க. ஜன்னல்ல நின்னு பார்த்தோம்."

"சும்மா சொல்லாத. ரெண்டாவது கொன்ட்ரோலர் எப்பவும் நீதான்."

"அது ஒங்க அக்கா."

"அக்காவும்தான். ஆனா நீ பக்கத்துல இருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கேசட்ட வாங்கி ஊதுவியே!"

"ஆமாங்க. கம்பிக்கு வெளிய நின்னு ஊதினேன்."

சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய ஞாபகத்தில் அந்த ஜன்னலுக்கு உண்மையாகவே கம்பி இல்லை. பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன்.

மூலையில் இருந்த கொம்பியூட்டரைக் கண்டதும், "எமுலேட்டரா? இது திருட்டுல்ல? நான் கொண்டாந்தது கம்பெனியே போட்ட அசல்" என்றான்.

"ஒங்க வீட்டுக் கேசட்டும் கள்ளக் கேசட்டுதாங்க."

"அது கள்ளதுன்னு தெரியாம அப்பா வாங்கினது. இது தெரிஞ்சே செய்றது."

ஒரு கொன்ட்ரோலரை என் கையில் வைத்தான். விளையாடினோம். நீலச் சட்டைக்காரன், பளிச்சென்ற படம். அவன் வழக்கம் விட்டுப்போய் முதல் கட்டத்திலேயே தடுமாறினான். என் விரல்கள் இப்போது பழகியிருந்தன. பள்ளங்களைத் தாண்டி, கல்லை இடித்து, நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். அவன் கைதட்டினான்.

"பார்த்தியா! சின்னதுல பழகாமயா இப்புடி வெளயாடுற?"

என் வீட்டில், ஒதுக்கிப்போட்ட கொம்பியூட்டரில், முப்பது வயதுக்குமேல் நானாகப் படித்த விளையாட்டு அது. அதை அவன் தன் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். கொன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். போன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

அவன் திரும்பிப்போன பிறகு அந்த வீடியோ பேஸ்புக்கில் வந்தது. நான் பேசியதெல்லாம் வெட்டப்பட்டிருந்தது. நான் விளையாடுவதும் அவன் கைதட்டுவதும் மட்டும் இருந்தன. லயத்துப் பிள்ளைகளோடு வித்தியாசம் பாராமல் வளர்ந்தோம் என்று மேலே எழுதியிருந்தான். கீழே ஊரார் எல்லாரும் அவனுடைய பெற்றோரைப் புகழ்ந்திருந்தார்கள். அப்படி நடக்கவில்லை, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். "ஏன், நல்லாத்தானே இருக்கு? எல்லாரும் சந்தோசப்படுறாங்க" என்று பதில் வந்தது.

அம்மாவுக்கு லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாரோ அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நல்ல மனுசங்க. நம்ம புள்ளைங்கள உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சாங்களே."

"யாரும்மா கூப்புட்டாங்க? ஐயாவூட்டு ஜன்னல்ல நிக்காதன்னு நீதானே என்ன அடிச்சு இழுத்துட்டு வந்த?"

நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது வேற எங்கயோ" என்றார்.

அந்தச் சின்னப் பெட்டியை அம்மா இப்போது டீவிக்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைத்திருக்கிறார். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு வருகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்து போவார்கள். அவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டி, சின்ன வயதில் ஐயா வீட்டில் நான் விளையாடியது இதுதான் என்கிறார். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு தடவையும் மறுத்தேன். வந்தவர்கள் சங்கடப்பட்டு அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மாவின் முகம் வாடிப்போகும். போன வாரம் பெரியம்மா வந்திருந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்புடியா புள்ள?" என்று கேட்டார்.

"ஆமா பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குப் போனேன்.