டம்ளர் சத்தம் கேட்கிற கூலர்

கைப்பையில் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். தெருவில் அவளுக்குப் பெயர் பிளான் அக்கா. வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போடுவாள். கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று போட்டோ மாதிரியே படமும் செய்து தருவாள். இன்னும் அஸ்திவாரமே தோண்டாத வீட்டின் பால்கனியில் பூந்தொட்டி இருக்கும், வாசலில் கார் நிற்கும். கட்டடம் கட்டுகிற முதலாளிகளுக்கு வானம் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நீலமாக இருக்க வேண்டும். அதையும் செய்து கொடுப்பாள்.

அந்தப் படத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. ஒரு படத்துக்கு நான்கு மணி நேரம் கம்ப்யூட்டர் மூச்சு விடாமல் கணக்குப் போட வேண்டும். கணக்குப் போடுகிற பிராசஸர் கொதிக்கும். அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிற கூலர்தான் தன் விசிறியைச் சுழற்றி அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அவளுடைய கூலருக்கு ஆறு வயது. வேலை பாதிதான் செய்யும், சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். அது ஓடும்போது பக்கத்து அறையில் கட்டில் உடைந்தாலும் கேட்காது.

கட்டில் உடையவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர்தான் விழுந்தார்.

அவர் அவள் கணவர். நகல் எடுக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக். இந்தக் கம்ப்யூட்டரைக்கூட அவர்தான் பாகம் பாகமாக வாங்கிக் கோத்துக் கொடுத்தார். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. 'ம்' என்பதும் 'ம்ஹூம்' என்பதும்தான் மிச்சம். ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டுவார், இவள் ஓடுவாள். பேட்டரி பெல் ஒன்றும் வாங்கி வைத்துப் பார்த்தாள். பேட்டரியை நம்பாத மெக்கானிக் அவர். மறுநாளே அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மேஜையை அவர் அறைக்கே கொண்டுபோகலாமென்று அறையை அளந்து படம் போட்டுப் பார்த்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலி நுழையாது. அவரைச் சக்கர நாற்காலியில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமென்றால், அரை மணிக்கு மேல் அவர் முதுகு தாங்காது.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பகலில் கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது, கூலர் அலறிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் எதேச்சையாக எட்டிப் பார்த்தாள். அவர் தரையில் கிடந்தார். நெற்றி வீங்கியிருந்தது. டம்ளர் சுவரோரம் உருண்டு போயிருந்தது. எவ்வளவு நேரமாகத் தட்டினார், எவ்வளவு நேரமாகக் கிடந்தார் என்று அவரால் சொல்ல முடியாது. கேட்கவும் இவளுக்குத் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்தாள். போதாக்குறைக்குக் கம்ப்யூட்டரும் சூடு தாங்காமல் பாதிப் படத்தில் தானாக அணைந்துபோனது. படத்துக்குச் சொல்லியிருந்த முதலாளி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் படம் வரணும் மேடம். இல்லன்னா சொல்லிடுங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்." வீட்டில் சம்பாதிக்கிற கை இப்போது அவளுடையது மட்டும்தான். கீழ் வீட்டு அக்காவை ஒரு மணி நேரம் அவரோடு உட்காரச் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டிய கூலர் கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது.

"இதைப் பாருங்கக்கா. ஏழு கலர் மாறும்."

"கலர் எனக்கு எதுக்குங்க? சத்தம் எவ்வளவு வரும்?"

"சத்தமே வராது."

"சத்தமே வராதுன்னா அது ஓடலைன்னு அர்த்தம். ஓட்டிக் காட்டுங்க."

கடைக்காரர் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டியைக் குறுக்கே வெட்டிய மாதிரி வரைபடம். பிராசஸரிலிருந்து மூடி வரைக்கும் நூற்றைம்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாள். கடையிலேயே பெரிய கூலர் நூற்றறுபத்தைந்து. வேண்டாமென்று தள்ளினாள். மூடியைத் திறந்தே வைத்துக்கொள்ளலாமே என்றார் அவர். திறந்து வைத்தால் உள்ளே இருக்கிற சத்தமெல்லாம் வெளியே வரும் என்றாள் இவள். உயரத்தில் அடங்கியவை மூன்று.

"உள்ள ஒரு ரூம் இருக்கில்ல? அங்க வச்சு ஒண்ணொண்ணா ஓட்டுங்க, நான் பக்கத்துல நிக்கறேன். நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு இதைத் தட்டணும்." டம்ளரையும் ஸ்பூனையும் நீட்டினாள். "பலமா வேண்டாம். அவர் தட்டற மாதிரி, மெதுவா."

"எவர்க்கா?"

"எங்க வீட்டுக்காரர். பேச முடியாது, படுத்திருக்கார். நான் வேலை செய்யறப்ப கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்."

கடைக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதல் கூலர் ஓடியபோது அவளுக்கு விசிறிதான் கேட்டது. இரண்டாவதில் ஏதோ கேட்ட மாதிரி இருந்தது, ஆசைதான் கேட்க வைக்கிறதோ என்று சந்தேகமாகவும் இருந்தது. மூன்றாவது கொஞ்சம் குள்ளம், நூற்றைம்பத்தைந்து மில்லிமீட்டர்தான், பெரிய விசிறி, மெதுவாகச் சுற்றியது. கதவுக்கு அந்தப் பக்கம் டம்ளர் இரண்டு தரம் ஒலித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னும் மெதுவாக ஒரு தரம். அந்தக் கடைசித் தட்டை அவள் தட்டச் சொல்லவில்லை. கடைக்காரரே பார்த்துவிடலாமென்று தட்டியது. அதுவும் கேட்டது. அதையே வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் கீழ் வீட்டு அக்கா வாயில் விரலை வைத்துக்கொண்டு வந்தார். "நல்லாத் தூங்கறார். குறட்டை வேற."

"பகல்லயா? அவர் பகல்ல கண்ண மூடவே மாட்டாரேக்கா."

"என் மூஞ்சியப் பாத்தா தூக்கம் வருதோ என்னமோ," என்று சொல்லிவிட்டு அந்த அக்கா இறங்கிப் போனார்.

மதியம் கணவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து மேஜைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்க வைத்து மூடியைக் கழற்றினாள். இந்தப் பெட்டிக்குள் அவள் கைவைப்பது இதுதான் முதல் தடவை. விசிறி வயரை உருவினாள், பழைய கூலரின் கொக்கியை நெம்பி விட்டாள். அப்போது அவர் இடது கையைத் தூக்கி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"என்னங்க? குழாய மூடலையா?" பாத்ரூமுக்கு ஓடிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. அவர் மறுபடியும் திருப்பினார். "கதவப் பூட்டணுமா?" பூட்டிவிட்டு வந்தாள். மறுபடியும் அதே திருப்பல். அவர் முகம் சிவந்துவிட்டது. "டிவி போடணுமா?"

"ம்ஹூம்."

"கொஞ்சம் இருங்க. இதை எடுத்துட்டு வந்து நிதானமாக் கேக்கறேன்," என்று கூலரைப் பிடித்து நேராக மேலே இழுத்தாள். அது வரவில்லை. பலமாக இழுத்தாள். 'டக்' என்று வந்தது.

கூலரோடு பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சூட்டைக் கடத்துவதற்காக நடுவில் தடவியிருந்த ஆறு வருஷத்துப் பசை காய்ந்து இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. இழுக்கக் கூடாது, திருகித் திருகித்தான் பிரிக்க வேண்டும். அதைத்தான் அவர் கையைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார். இவள் குழாயைப் பார்க்க ஓடினாள், கதவைப் பூட்டினாள். இப்போது கூலரைக் கவிழ்த்துப் பார்த்தால், பிராசஸரின் அடியில் தலைமுடி கனத்தில் ஆயிரத்துக்கு மேல் ஊசிக்கால்கள், அதில் ஒரு மூலையில் மூன்று சாய்ந்து கிடந்தன. ஒன்று ஒடிந்தாலும் எல்லாம் போச்சு.

"நீங்க சொன்னீங்க. எனக்குத்தான் புரியல," என்றாள். அழுகை வந்துவிட்டது.

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு விரலை நீட்டி மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டைக் காட்டினார். இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கத்தரிக்கோல். ம்ஹூம். ஸ்கேல். ம்ஹூம். கையால் படம் போட்ட காலத்திலிருந்து அவள் வைத்திருக்கிற, அழுத்தினால் லெட் வெளியே வருகிற பழைய பென்சில்.

"ம்."

லெட்டை உருவிவிட்டு வெறும் பென்சிலைப் பிடித்தபோது அவளுக்கே புரிந்துவிட்டது. அதன் உலோக மூக்கில் இருக்கிற துளைக்குள் ஓர் ஊசிக்கால் சரியாக நுழையும்.

முதலில் அவர் காட்டியபடி லேசாகத் திருகித் திருகிப் பிராசஸரைக் கூலரிலிருந்து பிரித்தாள். அவர் இடது கையில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பென்சில் மூக்கை முதல் காலில் மாட்டி மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினாள். போதும் என்கிற இடத்தில் அவர் "ம்" என்பார், நிறுத்துவாள். இருபது வருஷக் குடித்தனத்தில் இருவரும் இவ்வளவு ஒத்துப்போனது இதுதான் முதல் தடவையாக இருக்கும். மூன்றாவது கால் முடிவதற்குள் அரை மணி தாண்டிவிட்டது. அவர் நெற்றியில் வியர்வை.

"முதுகு வலிக்குதா? படுக்க வைக்கட்டுமா?"

"ம்ஹூம்."

பிராசஸரை அதன் இடத்தில் அழுத்தாமல் வைத்தால் தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லை. எடுத்து மறுபடியும் மூன்றாவது காலை மயிரிழை தள்ளினாள். வைத்தாள். உட்கார்ந்தது. கட்டிலோரம் ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பழைய பசையைத் துடைத்தாள். கூலரோடு வந்த புதுப் பசையை நடுவில் அரைப் பட்டாணி அளவு வைத்தாள். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் விரலால் காட்டினார், உரித்தாள். நான்கு திருகாணிகளையும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். விசிறி வயரைச் செருகினாள். மூடியை வைத்தாள். வரைபடத்தில் இருந்தபடியே மூன்று மில்லிமீட்டர் மிச்சத்தோடு மூடிக்கொண்டது.

சுவிட்சைத் தட்டினாள். சத்தமே இல்லை.

போச்சு என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் கையை நீட்டிக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் வைத்தார். அவள் கையையும் அங்கே இழுத்தார். மெல்லிய காற்று விரலில் பட்டது. அதற்குள் திரையும் வெளிச்சமாகிவிட்டது.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, டம்ளரையும் ஸ்பூனையும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்து படத்தை ஓடவிட்டாள். சூடு எழுபத்திரண்டு டிகிரி வரை ஏறி, ஆபத்தில்லாத அந்த அளவிலேயே நின்றது. அப்புறமும் நம்பிக்கை வராமல் அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

டம்ளர் ஒலித்தது. ஓடினாள்.

"என்ன வேணும்? தண்ணியா?"

"ம்ஹூம்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் டம்ளர், முன்னைவிட மெதுவாக. ஓடினாள். இப்போதும் ஒன்றும் வேண்டாமாம். உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, ஏதோ டிக்கென்று கேட்டது. எழுந்து போனாள். அவர் ஸ்பூனைத் தொடக்கூட இல்லை. நகத்தால்தான் தட்டியிருக்கிறார்.

"என்னங்க, விளையாடறீங்களா? எனக்கு உயிரே போகுது."

அவர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரத்தில் ஈரம் இருந்தது. அப்புறம் டம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அவள் வாசற்படியிலேயே நின்றாள். இரண்டு நிமிடத்தில் குறட்டை வந்தது.

இத்தனை நாள் பயந்தது தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கூலர் அலறுகிற ஒவ்வொரு பகலும் அவர் விழித்தே கிடந்திருக்கிறார். தட்டினால் யாருக்கும் கேட்காது என்று தெரிந்த மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வரும்? கீழ் வீட்டு அக்கா பக்கத்தில் இருந்த ஒரு மணி நேரம்தான் அவர் நிம்மதியாகக் கண் அயர்ந்திருக்கிறார்.

மேஜைக்கு வந்தபோது போன் அதிர்ந்தது. முதலாளி.

"படம் என்னாச்சு மேடம்?"

"காலைல வந்துடும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவர் தூங்கறார்."

"நான் போன்லதான பேசறேன்?"

"ஆமா. இருந்தாலும் மெதுவாப் பேசுங்க," என்றாள். போனை வைத்துவிட்டு எழுந்து போய் அவர் அறைக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தாள்.