மூன்றடி தூரம்

பழைய லென்ஸ் வாங்கப் போனால் எல்லோரும் கண்ணாடியைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள், மடையர்கள். பூஞ்சையும் கீறலும் டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பேன். நல்ல லென்ஸ் என்றால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே இறுக்கமாக வரும்.

ராயபுரத்தில் ஒரு வீட்டில் பார்த்த ஐம்பது எம்.எம். லென்ஸ் அப்படி வரவில்லை. வளையத்தில் மூன்றடித் தூரம் என்று குறித்த இடத்துக்கு வந்ததும் வெண்ணெயாக வழுக்கியது. மற்ற இடமெல்லாம் புதுசுபோல இறுக்கம்.

“இன்னாபா இது, ஒரே எடத்துல மட்டும் இப்டி தேஞ்சிகீது?” என்று விற்றவரிடம் கேட்டேன்.

“எங்க நைனாவோடது சார். சாவு வூட்டுல போட்டோ எடுப்பாரு. பொட்டிய மூடறதுக்கு முன்னாடி மொகத்த மட்டும் ஒரு படம். அதுக்குன்னே இத வெச்சினு இருந்தாரு.”

கண்ணாடி அவ்வளவு சுத்தம், வாங்கிவிட்டேன். மறுநாள் காலையில் மொட்டைமாடியில் மனைவியை நிற்கவைத்து, முகத்துக்கு ஃபோகஸ் செய்தேன். வளையம் வழுக்கிக்கொண்டு போய்த் தானாக நின்றது. இமைமயிர்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, வெயில் கூசி அவள் கண்ணை மூடினாள்.

“தொற! கண்ணத் தொற!” என்று கத்தினேன். அதற்குள் என் விரல் ஷட்டரை அழுத்திவிட்டிருந்தது.

அந்த ஃபிலிமை இன்னும் கழுவக் கொடுக்கவில்லை.